ப்ராக்ஸியைத் தானாக அமைப்பது: சீட் சீட்டாக அலையாமல் இருக்க ஒரு வழிகாட்டி

புதிதாக ஒரு அலுவலகத்தில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது இதுதான்: ஒரு துண்டுக் காகிதத்தில் ப்ராக்ஸியின் (அலுவலகத்தின் நெட் போக்குவரத்தை நடுவில் நின்று வாங்கி அனுப்பும் சர்வர்) ஐபியையும் போர்ட் நம்பரையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகப் போய், "ஒரு நிமிஷம் எழுந்திரிங்கண்ணே" என்று சொல்லி, செட்டிங்ஸைத் திறந்து அடித்துவிட்டு வருவது. நானும் செய்திருக்கிறேன். அறுபது சிஸ்டம், ஒன்றரை நாள் ஆனது. நாலு மாதம் கழித்து ப்ராக்ஸி சர்வரை மாற்றியபோது மறுபடி ஒன்றரை நாள், அதிலும் இரண்டு பேர் லீவில், மூன்று பேர் லேப்டாப்போடு வெளியூரில். வெளியூர் போனவர்கள் ஹோட்டல் வைஃபையில் உட்கார்ந்துகொண்டு நெட் வரவில்லை என்று போன் போட்டார்கள், ஏனென்றால் அவர்கள் லேப்டாப் அங்கேயும் நம் அலுவலக ப்ராக்ஸியைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

இந்த வேலையை ஒரே ஒரு ஃபைலிடம் விட்டுவிடலாம். எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ப்ராக்ஸி சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு நம் அலுவலக நெட்வொர்க் 192.168.10 என்று தொடங்கும், ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருள் ஓடும் சர்வர் 192.168.10.5, போர்ட் 3128. ஸ்க்விட்டின் வழக்கமான போர்ட் அதுதான், நீங்கள் மாற்றியிருந்தால் உங்கள் நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

இரண்டு விஷயங்களை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று பேக் ஃபைல். ப்ராக்ஸி ஆட்டோ கான்ஃபிக் என்பதன் சுருக்கம். இது ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல், அவ்வளவுதான். பிரவுசர் ஒவ்வொரு முகவரிக்குப் போகும் முன்பும் இந்த ஃபைலிடம் "இதுக்கு நேரா போகட்டுமா, ப்ராக்ஸி வழியா போகட்டுமா" என்று கேட்கும், ஃபைல் பதில் சொல்லும். 1996-ல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0-க்காக நெட்ஸ்கேப் ஆட்கள் செய்தது. அந்தக் கம்பெனியே இன்று இல்லை, அவர்கள் போட்ட இந்த முறை மட்டும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், சஃபாரி என்று எல்லாவற்றிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று டபிள்யூபேட். வெப் ப்ராக்ஸி ஆட்டோ டிஸ்கவரி என்பதன் சுருக்கம். அந்த பேக் ஃபைல் எங்கே இருக்கிறது என்பதை யாரும் சொல்லித் தராமல் சிஸ்டமே நெட்வொர்க்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை. விண்டோஸில் "ஆட்டோமேட்டிக்கலி டிடெக்ட் செட்டிங்ஸ்" என்று ஒரு சுவிட்ச் பார்த்திருப்பீர்களே, அது டபிள்யூபேட். அதற்குக் கீழே "யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட்" என்று முகவரி கேட்கும் இடம், அது பேக் ஃபைலை நாமே காட்டிக்கொடுப்பது.

பேக் ஃபைல் இல்லாமல் டபிள்யூபேட் இல்லை, ஆனால் டபிள்யூபேட் இல்லாமல் பேக் ஃபைல் நன்றாகவே ஓடும். அதனால் முதலில் ஃபைல், அதை ஒரு சிஸ்டத்தில் சோதிப்பது, பிறகு எல்லோருக்கும் கொடுப்பது, கடைசியில்தான் டபிள்யூபேட் பக்கம் போவது. பலர் நேராக டபிள்யூபேடில் ஆரம்பித்து, வேலை செய்யாதபோது தப்பு ஃபைலிலா, டிஎன்எஸ்ஸிலா (பெயரை ஐபியாக மாற்றித் தருவது), டிஎச்சிபியிலா (சிஸ்டங்களுக்கு ஐபி கொடுப்பது), வெப் சர்வரிலா என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

ஃபைலுக்குள் என்ன எழுதுவது

ஜாவாஸ்கிரிப்ட் கோடை எழுத்துக்கு எழுத்து இங்கே தரப்போவதில்லை. மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் பேக் ஃபைலுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது, எல்லா ஃபங்ஷனும் உதாரணத்தோடு இருக்கும், அதை ஒரு டேபில் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். எது எந்த வரிசையில் வரவேண்டும், எங்கே கால் இடறும் என்பதை நான் சொல்கிறேன்.

ஃபைலில் ஒரே ஒரு ஃபங்ஷன் கட்டாயம் இருக்க வேண்டும்: ஃபைண்ட் ப்ராக்ஸி ஃபார் யூஆர்எல். இடைவெளி கிடையாது, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து, கடைசியில் வரும் யூஆர்எல் மூன்று எழுத்தும் பெரியது. ஜாவாஸ்கிரிப்ட் என்பதால் ஒரு எழுத்து சின்னதாகப் போனாலும் அந்த ஃபங்ஷன் இல்லாத மாதிரிதான். இதற்கு இரண்டு விஷயங்கள் உள்ளே வரும்: முழு முகவரி, அதிலிருந்து பிரித்தெடுத்த சர்வர் பெயர். நீங்கள் சர்வர் பெயரை மட்டும் வைத்து முடிவெடுங்கள். முழு முகவரியில் இந்த ஃபோல்டர் வந்தால் இப்படி, அந்த ஃபோல்டர் வந்தால் அப்படி என்று பழைய கட்டுரைகளில் உதாரணம் இருக்கும். அதை நம்பாதீர்கள். அந்த வழியாக ரகசியத் தகவல் கசியலாம் என்று 2016-ல் தெரிந்த பிறகு, குரோம் எச்டிடிபிஎஸ் முகவரியின் பாதையை வெட்டிவிட்டு சர்வர் பெயர் வரைக்கும்தான் ஃபைலுக்குக் காட்டுகிறது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், ஆக பாதையை வைத்து எழுதிய விதி ஒரு நாளும் பொருந்தாது.

சரி, இப்போது வரிசை.

முதல் விதி, புள்ளியே இல்லாத பெயர்கள். அலுவலகத்துக்குள் பிரவுசரில் வெறுமனே பேரோல் என்றோ ஃபைல்சர்வர் என்றோ அடிப்போம் இல்லையா, அதெல்லாம் நேராகப் போக வேண்டும். இதற்கு இஸ் ப்ளெய்ன் ஹோஸ்ட் நேம் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, பெயரில் புள்ளி இல்லையென்றால் ஆமாம் என்று சொல்லும். ஆமாம் என்றால் டைரக்ட் என்ற சொல்லைத் திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்கும் இந்தச் சொற்கள் எல்லாமே பெரிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் சொந்த டொமைனில் முடியும் உள் சர்வர்கள். இதற்கு டிஎன்எஸ் டொமைன் இஸ். இதில் ஒரு கண்ணி: பெயரின் கடைசிப் பகுதி பொருந்துகிறதா என்று மட்டும்தான் இது பார்க்கும். நீங்கள் டொமைனைப் புள்ளி இல்லாமல் எழுதினால், அதே எழுத்துகளில் முடியும் வேறு யாருடைய டொமைனும் பொருந்திவிடும். அதனால் முன்னால் ஒரு புள்ளி வைத்தே எழுதுங்கள். உங்கள் வெப்சைட் வெளியே ஹோஸ்டிங்கில் இருந்தால் அதையும் இந்த விதி நேராக அனுப்பிவிடும், அது வேண்டாம் என்றால் அந்த ஒரு பெயரை இதற்கு மேலே தனியாக எழுதி ப்ராக்ஸிக்கு அனுப்பிவிடுங்கள். மேலிருந்து கீழே படிக்கும்போது முதலில் பொருந்துவதுதான் செல்லும்.

மூன்றாவது, ஐபி முகவரியாகவே அடிப்பவை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நான் மறந்தபோது நடந்தது: வாசலில் விரல் வைத்து வருகைப் பதிவு செய்யும் மெஷின் இருக்குமே, அதற்கு ஒரு வெப் பக்கம் உண்டு, 192.168.10.40 என்று அடித்தால் திறக்கும். மாதக் கடைசியில் எச்ஆர் அக்கா அதைத் திறந்து ரிப்போர்ட் எடுக்கப் போனால் ஸ்க்விட்டின் "ஆக்சஸ் டினைட்" பக்கம் வருகிறது. "தம்பி, மெஷின் போயிடுச்சு போல, நாளைக்குச் சம்பளம் போடணும்" என்று கூப்பிட்டார்கள். நான் மெஷினை இரண்டு தடவை ஆஃப் செய்து ஆன் செய்து, கேபிளை மாற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் திரையில் இருப்பது மெஷினின் பக்கமே இல்லை, என் ப்ராக்ஸியின் பக்கம் என்று கவனித்தேன். பிரிண்டர், கேமரா ரெக்கார்டர், ரௌட்டர் எல்லாமே இந்த வகைதான்.

இதற்கு இஸ் இன் நெட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது: பெயர், நெட்வொர்க், மாஸ்க் (ஐபியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) என்று மூன்றைக் கொடுத்தால் அந்த நெட்வொர்க்குக்குள் இருக்கிறதா என்று சொல்லும். உள் நெட்வொர்க்குக்கு ஒதுக்கிய எண் வரிசை மூன்று. 10.0.0.0, மாஸ்க் 255.0.0.0. 172.16.0.0, மாஸ்க் 255.240.0.0. 192.168.0.0, மாஸ்க் 255.255.0.0. கூடவே 127.0.0.0-ஐயும் 255.0.0.0 மாஸ்க்கோடு சேர்த்துவிடுங்கள், அது அந்த சிஸ்டத்தையே குறிப்பது. குரோம் அதைத் தானாகவே நேராக அனுப்பிவிடும், ஆனால் பேக் ஃபைலைப் படிக்கிற மற்ற மென்பொருள் எல்லாம் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் இஸ் இன் நெட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஐபிக்குப் பதிலாக ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால், முதலில் டிஎன்எஸ்ஸில் கேட்டு அதன் ஐபியைத் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்லும். ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் விளம்பரம், படம், எழுத்துரு என்று பல சர்வர்களைத் தொடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஎன்எஸ் கேள்வி, அதுவரை பிரவுசர் காத்திருக்கும். உங்கள் உள் டிஎன்எஸ் சர்வர் வெளிப் பெயர்களுக்குப் பதிலே சொல்லாத மாதிரி பூட்டி வைத்திருந்தால் ஒவ்வொன்றும் டைம்அவுட் ஆகும் வரை தொங்கும். "ப்ராக்ஸி போட்டதிலிருந்து நெட் ஸ்லோ" என்று புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். அதனால் வந்திருக்கும் பெயர் எண்களும் புள்ளிகளும் மட்டுமா என்று ஒரு சின்னச் சோதனை வைத்துவிட்டு, ஆமாம் என்றால் மட்டும் இஸ் இன் நெட்டுக்குள் போகச் சொல்லுங்கள். சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் என்பதால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை) போடலாம். டிஎன்எஸ் ரிசால்வ் என்ற ஃபங்ஷனும் இதே மாதிரி நேரத்தைத் தின்னும், தேவையில்லாமல் கூப்பிடாதீர்கள்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றதும் நினைவுக்கு வருகிறது, எஸ்எச் எக்ஸ்ப் மேட்ச் என்று இன்னொரு ஃபங்ஷன் இருக்கிறது. பெயரைப் பார்த்து அது ரெகுலர் எக்ஸ்பிரஷன் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். டாஸ் பிராம்ப்டில் நட்சத்திரக் குறி போட்டு ஃபைல் தேடுவோமே, அந்த அளவுக்குத்தான் அதற்குத் தெரியும்.

நான்காவது, விதிவிலக்குகள். ப்ராக்ஸி வழியாகப் போனால் முரண்டு பிடிக்கிற தளங்கள் எந்த அலுவலகத்திலும் இரண்டு மூன்று இருக்கும், பெரும்பாலும் வங்கி சம்பந்தப்பட்டவை. அவற்றை இங்கே பெயர் சொல்லி டைரக்டுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே யார் கேட்டார்கள், எந்தத் தேதி, ஏன் என்று கமென்ட் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் ஒரு வருஷத்தில் முப்பது வரி சேர்ந்துவிடும், எதையும் எடுக்கத் தைரியம் வராது.

கடைசியாக, மேலே எதிலும் பொருந்தாத எல்லாவற்றுக்கும் ப்ராக்ஸி என்ற சொல், ஒரு இடைவெளி, சர்வரின் பெயர், முக்காற்புள்ளி, 3128. சர்வரின் ஐபியை விடப் பெயரைப் போடுவதே நல்லது, பின்னால் சர்வர் மாறினால் டிஎன்எஸ்ஸில் மாற்றினால் போதும். இரண்டாவது ப்ராக்ஸி இருந்தால் அரைப்புள்ளி வைத்து அதையும் அடுத்து எழுதலாம், முதலாவது விழுந்தால் பிரவுசர் இரண்டாவதுக்குப் போகும்.

இங்கே இரண்டு விஷயம். எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு என்று தனியாக எதுவும் எழுத வேண்டாம், ப்ராக்ஸி என்ற சொல்லே இரண்டுக்கும் போதும். எச்டிடிபிஎஸ் என்றும் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அதற்கு அர்த்தம் வேறு: பிரவுசர் ப்ராக்ஸியோடு பேசுவதே என்கிரிப்ட் ஆகி நடக்க வேண்டும் என்பது. சாதாரண ஸ்க்விட் போர்ட்டுக்கு அதைப் போட்டால் ஒரு தளமும் திறக்காது. இன்னொன்று, பட்டியலின் கடைசியில் டைரக்ட் சேர்க்கலாமா என்பது. இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பாதி சேர்த்திருக்கும். ப்ராக்ஸி விழுந்தால் எல்லோரும் சத்தமில்லாமல் நேராகப் போவார்கள், லாகில் (யார் எங்கே போனார்கள் என்று ப்ராக்ஸி எழுதும் பதிவில்) ஒன்றும் இருக்காது, அது உங்கள் மேனேஜருக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் அலுவலகத்தில் நான் சேர்க்கவில்லை.

எங்கே வைப்பது

ஏதாவது ஒரு வெப் சர்வரில், சாதாரண எச்டிடிபியில், போர்ட் 80-ல். சின்ன அலுவலகம் என்றால் ஸ்க்விட் ஓடும் அதே சர்வரில் என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ போட்டுக்கொள்ளலாம். ஃபைல் பெயர் ப்ராக்ஸி, கடைசியில் புள்ளி பேக். ஷேர் ஃபோல்டரில் வைத்து அந்தப் பாதையைக் கொடுப்பதோ, ஒவ்வொரு சிஸ்டத்தின் சி டிரைவில் வைப்பதோ வேண்டாம், விண்டோஸ் 10 வந்த பிறகு அது சரியாக வேலை செய்வதில்லை. செய்தாலும் மறுபடி சீட் சீட்டாகப் போகிற கதைதான்.

வெப் சர்வரில் ஒரு வேலை பாக்கி: அந்த ஃபைலுக்குச் சரியான மைம் டைப் (இது என்ன வகை ஃபைல் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு) கொடுப்பது. அப்ளிகேஷன், சாய்கோடு, அதற்குப் பின் எக்ஸ், என்எஸ், ப்ராக்ஸி, ஆட்டோகான்ஃபிக் என்ற நான்கும் நடுவே சிறுகோடு போட்டு. அந்த என்எஸ் நெட்ஸ்கேப்பின் சுருக்கம்தான், இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஒட்டிக்கொண்டே வருகிறது. அப்பாச்சியில் ஆட் டைப் என்று ஒரு வரி, என்ஜின்எக்ஸில் டைப்ஸ் பகுதியில் ஒரு வரி. இது இல்லாமலும் சில பிரவுசர்கள் ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது, போட்டுவிட்டால் வம்பில்லை. போட்ட பிறகு அந்த முகவரியை குரோமில் அடித்தால் ஜாவாஸ்கிரிப்ட் கோடு திரையில் தெரியாமல் ஃபைலாக டவுன்லோடு ஆகும், பயப்பட வேண்டாம், அதுதான் சரி.

நோட்பேடில் எழுதுபவர்களுக்கு: சேவ் செய்யும்போது கடைசியில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதை மறைத்துக் காட்டுவதால் உங்களுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு சிஸ்டத்தில் பாருங்கள், அதுவும் உங்களுடையதில்

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி. அங்கே யூஸ் செட்டப் ஸ்கிரிப்டை ஆன் செய்து முகவரியைக் கொடுங்கள். குரோமும் எட்ஜும் இதையே எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸில் தனியாக நெட்வொர்க் செட்டிங்ஸ் உண்டு, "யூஸ் சிஸ்டம் ப்ராக்ஸி செட்டிங்ஸ்" என்று இருந்தால் அதுவும் விண்டோஸையே பின்பற்றும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபையின் டீடெயில்ஸ், ப்ராக்ஸீஸ். உபுண்டு மாதிரி க்னோம் டெஸ்க்டாப் என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க், நெட்வொர்க் ப்ராக்ஸி, ஆட்டோமேட்டிக்.

இப்போது ஒரு தளத்தைத் திறக்கிறீர்கள், திறக்கிறது. வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். இந்த மொத்த விஷயத்திலும் புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். பேக் ஃபைல் கிடைக்காவிட்டாலோ, உள்ளே எழுத்துப்பிழை இருந்தாலோ, பிரவுசர்கள் பொதுவாக எந்தச் சத்தமும் போடாமல் நேராகப் போய்விடும். தளம் திறப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஒருமுறை விதிவிலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. கூட வேலை பார்க்கும் தம்பி அந்த வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், நான் அப்படியே ஒட்டி சேவ் செய்தேன். வழியில் எங்கோ நேரான மேற்கோள் குறி, அச்சில் வருவது மாதிரி வளைந்த மேற்கோள் குறியாக மாறியிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு அது புரியாது, மொத்த ஃபைலும் செல்லாமல் போயிற்று. யாரும் புகார் சொல்லவில்லை, சொல்லப்போனால் நெட் வேகமாகிவிட்டது என்றுகூட ஒருவர் பாராட்டினார். மூன்று வாரம் கழித்து ஏதோ காரணத்துக்காக ஸ்க்விட் லாகைத் திறந்தபோதுதான் அது கிட்டத்தட்டக் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

அதனால் சோதனை என்றால் ப்ராக்ஸியின் லாகைப் பார்ப்பதுதான். ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாகை ஓடவிட்டு, உங்கள் சிஸ்டத்தில் ஒரு வெளித் தளத்தைத் திறங்கள், உங்கள் ஐபியோடு கனெக்ட் என்று ஒரு வரி வர வேண்டும். பிறகு வருகைப் பதிவு மெஷினின் பக்கத்தைத் திறங்கள், லாகில் எதுவும் வரக்கூடாது. பிறகு விதிவிலக்கில் இருக்கும் ஒன்று, அதற்கும் வரக்கூடாது. மூன்றும் சரியென்றால் ஃபைல் சரி.

சந்தேகம் இருந்தால் ஃபைலுக்குள் அலெர்ட் என்று போட்டு ஏதாவது எழுதச் சொல்லலாம். திரையில் பெட்டி வராது, ஃபயர்ஃபாக்ஸில் பிரவுசர் கன்சோலில் தெரியும். ஃபைலை மாற்றிய பிறகும் பழையதே ஓடுகிறது என்றால் பிரவுசர் பழைய பிரதியை வைத்துக்கொண்டிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் முகவரிக்குப் பக்கத்திலேயே ரீலோட் பட்டன் இருக்கிறது. குரோமில் நெட் இன்டர்னல்ஸ் என்ற உள்பக்கத்தில் ப்ராக்ஸி பகுதிக்குப் போனால் ரீ-அப்ளை செட்டிங்ஸ் என்று ஒரு பட்டன்.

எல்லோருக்கும் கொடுப்பது

விண்டோஸ் டொமைன் (எல்லா சிஸ்டத்தையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால் குரூப் பாலிசி, அதாவது அந்த சர்வரிலிருந்தே எல்லோருக்கும் செட்டிங்ஸ் அனுப்பும் வசதி. யூசர் கான்ஃபிகரேஷனுக்குள் பிரிஃபரன்சஸ், கன்ட்ரோல் பேனல் செட்டிங்ஸ், இன்டர்நெட் செட்டிங்ஸ் என்று போய், கனெக்ஷன்ஸ் டேபில் லேன் செட்டிங்ஸுக்குள் ஸ்கிரிப்ட் முகவரியைக் கொடுப்பது ஒரு வழி. அந்தத் திரையில் ஒவ்வொரு பெட்டிக்குக் கீழும் பச்சைக் கோடோ சிவப்புப் புள்ளிக்கோடோ இருக்கும். சிவப்பு என்றால் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அது யாருக்கும் போகாது. அந்தப் பெட்டியில் கர்சரை வைத்து எஃப்6 அழுத்தினால் பச்சையாகும். இதைத் தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் பாலிசி வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், என்னையும் சேர்த்து. குரோமுக்கும் எட்ஜுக்கும் அவற்றின் சொந்த பாலிசி டெம்ப்ளேட்டுகளிலும் ப்ராக்ஸி அமைப்பு உண்டு.

டொமைன் இல்லாத பத்துப் பதினைந்து சிஸ்டம் உள்ள இடம் என்றால் ஒரே ஒருமுறை போய் முகவரியைக் கையால் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு மாற்றமெல்லாம் ஃபைலில்தான், சீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

எல்லோரும் ஃபைலைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று லாகில் உறுதியான பிறகு, ஃபயர்வாலில் ப்ராக்ஸி சர்வரைத் தவிர வேறு யாரும் 80, 443 போர்ட்டுகளில் வெளியே போகாதபடி மூடுங்கள். 443-ல் டிசிபி, யூடிபி இரண்டையும். யூடிபியை விட்டுவிட்டால் நேராகப் போகிற குரோம், யூடிபியில் ஓடும் க்விக் என்ற முறையில் அதிலேயே போய்விடும். டைரக்ட் விட்ட வெளித் தளங்களுக்கு மட்டும் வழி விடுங்கள். மூடிவிட்டால் ஃபைலில் பிழை வந்த அன்றே அலுவலகமே போன் போடும், மூன்று வாரம் தெரியாமல் இருக்காது. ஆனால் இதை முதல் நாளே செய்யாதீர்கள்.

டபிள்யூபேட் வேண்டுமா?

என்னைக் கேட்டால் குரூப் பாலிசி இருக்கும் இடத்தில் வேண்டாம். அடிக்கடி வெளியாட்கள் லேப்டாப்போடு வந்து போகிற இடம், பாலிசிக்குள் வராத சிஸ்டங்கள் நிறைய இருக்கும் இடம் என்றால் யோசிக்கலாம்.

எப்படி வேலை செய்கிறது என்றால், விண்டோஸ் முதலில் டிஎச்சிபி சர்வரிடம் ஆப்ஷன் 252 இருக்கிறதா என்று கேட்கும். அதில் பேக் ஃபைலின் முழு முகவரியை நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் 252 தானாக இருக்காது, ஸ்ட்ரிங் வகையில் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். டிஎன்எஸ்மாஸ்க் (டிஎன்எஸ், டிஎச்சிபி இரண்டையும் பார்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள்) என்றால் ஒரே வரி. அங்கே கிடைக்காவிட்டால் டிஎன்எஸ்ஸில் டபிள்யூபேட் என்ற பெயரை அலுவலக டொமைனோடு சேர்த்துத் தேடும், கிடைத்த சர்வரிடம் போர்ட் 80-ல் டபிள்யூபேட், புள்ளி, டேட் என்ற ஃபைலைக் கேட்கும். ஃபயர்ஃபாக்ஸ் வெகுகாலம் இந்த டிஎன்எஸ் வழியை மட்டுமே பார்த்தது, அதனால் இரண்டையும் வைத்துவிடுவது நல்லது. ஃபைலைப் பிரதி எடுக்காமல் லிங்க் போட்டு இரண்டு பெயரும் ஒரே ஃபைலைக் காட்டும்படி செய்யுங்கள். வெப் சர்வரில் பல தளங்கள் இருந்தால், எந்தப் பெயரில் கேட்டாலும் இந்த ஃபைல் கிடைக்கும்படி இருக்கட்டும், ஏனென்றால் கேட்கும் சிஸ்டம் எந்தப் பெயரில் கேட்கும் என்று உறுதியில்லை.

விண்டோஸ் டிஎன்எஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பூட்டு இருக்கிறது. டபிள்யூபேட் என்று ரெக்கார்ட் சேர்த்திருப்பீர்கள், கண்ணால் பார்க்கிறீர்கள், ஆனால் என்எஸ்லுக்அப் கட்டளை போட்டு டிஎன்எஸ்ஸிடம் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று வரும். சர்வர் 2008 முதல் குளோபல் குவெரி பிளாக் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதில் டபிள்யூபேட் என்ற பெயர் ஆரம்பத்திலேயே அடைபட்டிருக்கும். பவர்ஷெல்லில் அந்தப் பட்டியலிலிருந்து அதை எடுத்தால்தான் பதில் வரும்.

மைக்ரோசாஃப்ட் ஏன் அடைத்து வைத்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் யாராவது தன் சிஸ்டத்துக்கு டபிள்யூபேட் என்று பெயர் வைத்துவிட்டால், அத்தனை பேரின் போக்குவரத்தும் அவர் சொல்லும் வழியில் போகும். அதைவிடப் பெரிய தொல்லை வெளியே. பல கம்பெனிகள் உள் நெட்வொர்க்குக்குச் சும்மா மனதில் தோன்றிய பெயரை டொமைனாக வைத்துக்கொண்டிருந்தன. 2013-லிருந்து புதுப்புது டொமைன் முடிவுகள் (டாட் காம் மாதிரி பெயரின் கடைசிப் பகுதிகள்) விற்பனைக்கு வந்தபோது அந்தப் பெயர்கள் வெளியுலகில் நிஜமாகவே கிடைக்க ஆரம்பித்தன. அலுவலக லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனால் அது வெளி டிஎன்எஸ்ஸிடம் போய் டபிள்யூபேடைத் தேடும், அந்தப் பெயரை வாங்கி வைத்திருக்கும் யாரோ ஒருவர் தன் பேக் ஃபைலைக் கொடுக்கலாம். 2016 மே மாதம் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யூஎஸ்-செர்ட் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை விட்டது. ஆக, டபிள்யூபேட் போடுவதென்றால் நீங்கள் காசு கொடுத்துப் பதிவு செய்த டொமைனுக்குக் கீழேதான் உள் பெயர்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு, பாலிசியில் ஆட்டோமேட்டிக்கலி டிடெக்டை ஆஃப் செய்துவிடுங்கள்.

இதற்குள் அடங்காதவை

போன்கள். ஆண்ட்ராய்டு டபிள்யூபேடைத் தேடாது. வைஃபை அமைப்பில் ப்ராக்ஸி என்ற இடத்தில் பேக் முகவரியைக் கையால் கொடுக்கலாம், கொடுத்தாலும் பல ஆப்கள் கண்டுகொள்ளாது. போன்களுக்கு ப்ராக்ஸி இல்லாத தனி வைஃபை போட்டு, உள் நெட்வொர்க்கைத் தொட முடியாமல் பிரித்துவிடுவது நிம்மதி.

கமாண்ட் லைன் ஆட்கள். கர்ல், ஏபிடி, பிப் போன்றவை பேக் ஃபைலைப் படிக்காது. டெவலப்பர்கள் வந்து "பிரவுசர்ல வருது, டெர்மினல்ல வரலை" என்றால் ப்ராக்ஸியின் பெயரையும் போர்ட்டையும் என்விரான்மென்ட் வேரியபிளில் போடச் சொல்லுங்கள். விண்டோஸில் பின்னணியில் ஓடும் சில சர்வீஸ்களுக்கும் நெட்எஸ்எச் கட்டளையில் வின்எச்டிடிபி ப்ராக்ஸியைத் தனியாகக் கொடுக்க வேண்டிவரும்.

லேப்டாப்புகள். பேக் ஃபைல் அலுவலகத்துக்குள் மட்டும் கிடைக்கிற இடத்தில் இருப்பதால் வீட்டுக்குப் போனதும் ஃபைல் கிடைக்காது, பிரவுசர் நேராகப் போய்விடும். அதே சத்தமில்லாத குணம் இங்கே நமக்கு உதவி. உள் ஐபியைப் பார்த்து அலுவலகமா வீடா என்று முடிவெடுக்க மை ஐபி அட்ரஸ் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். விபிஎன், வைஃபை, கேபிள் என்று மூன்று அடாப்டர் இருக்கும் லேப்டாப்பில் அது எந்த ஐபியைச் சொல்லும் என்று தெரியாது, சில லினக்ஸ் சிஸ்டங்களில் 127.0.0.1 என்றே சொல்லும். நான் அதைத் தொடுவதில்லை.

என்றாவது ப்ராக்ஸி சர்வரை மாற்றும் நாள் வரும். ஃபைலில் அந்தக் கடைசி வரியை மாற்றி சேவ் செய்யுங்கள், ஆனால் பழைய சர்வரை உடனே அணைக்காமல் ஒரு வாரம் ஓடவிட்டு அதன் லாகைத் தினமும் காலையில் ஒரு பார்வை பாருங்கள். முதல் நாள் நாற்பது ஐபி இருக்கும், மூன்றாம் நாள் நாலைந்து. வாரக் கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும், அநேகமாக யாரோ எந்தக் காலத்திலோ கையால் ஐபி போட்டுவிட்டு மறந்த பழைய சிஸ்டம். அதற்கு மட்டும் எழுந்து போய், "ஒரு நிமிஷம் எழுந்திரிங்கண்ணே" என்று சொல்லி மாற்றிவிட்டு வாருங்கள்.